பட்டாளத்துக்கு அப்புறம்?

அப்புறக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவில் ஒருவர், சொந்தத்தில் இரண்டு பேர், ஆபீஸில் பக்கத்து மேஜையில் ஒருவர் என்று எங்கும் பரவிக் கிடக்கிறார்கள். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஏதாவது ஒரு நல்ல செய்தியை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் சொல்லிப் பாருங்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, நீங்கள் சொன்னதெல்லாம் வெறும் முன்னுரைதான் என்பதுபோல முழுதும் கேட்டுவிட்டு, "சரி... அப்பறம்?" என்பார். பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டது என்றால், அப்பறம்? வீடு கட்டி முடித்தாயிற்று என்றால், அப்பறம்? ஆபரேஷன் முடிந்து அப்பா பிழைத்துக்கொண்டார் என்று சொன்னாலும், மனிதன் கொஞ்சம் சந்தோஷப்படட்டுமே என்று விடமாட்டார். அப்பறம்?

இதற்கு உலகத்தில் எவரிடமாவது பதில் இருக்கிறதா? கிடையாது. அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்பவர் எப்போதும் அறிவாளியாகத் தெரிகிறார்.

பெரம்பலூர் பாலசுந்தரம் இந்த இனத்தின் முதல் தரச் சரக்கு. ஊரில் உரக்கடை வைத்திருக்கிறார். விதை, பூச்சி மருந்து, தெளிப்பான் எல்லாம் கிடைக்கும், கொடுத்தால். விதை கேட்டு வருகிறவரிடம் அவர் நடத்தும் விசாரணை இப்படிப் போகும்.

"என்னா, மக்காச்சோளமா போடப் போற?"

"ஆமாங்க."

"போட்டு?"

"அறுப்பனுங்க."

"அறுத்து?"

"விப்பனுங்க."

"ஊரே அதத்தான போட்டிருக்கு. வெல விழுந்துட்டா? அப்பறம்?"

வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு, "யோசிச்சுட்டு வரேனுங்க" என்று படியிறங்கி, நேரே எதிர்க்கடைக்குப் போவார். எதிர்க்கடைக்காரர் கேட்கும் ஒரே கேள்வி, எத்தனை பை என்பதுதான். பாலசுந்தரமோ ஒரு விவசாயியைப் பெரிய ஆபத்திலிருந்து தடுத்தாட்கொண்ட திருப்தியோடு மேஜை மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். சினிமாவுக்குப் போனால் கடைசிச் சண்டை தொடங்கும் முன் எழுந்து வெளியே வந்துவிடுவார். படம் முடிந்தபிறகு வண்டி எடுக்கக் கூட்டமாக இருக்குமே! இதுவரை எந்தப் படத்திலும் வில்லன் செத்தானா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது.

இப்படிப்பட்டவரின் கையில்தான் அறிவரசனுடைய பட்டாளத்து ஆசை வந்து மாட்டிக்கொண்டது.

அறிவரசன், பாலசுந்தரத்தின் தங்கை மலர்கொடியின் ஒரே மகன். வேப்பந்தட்டையில் வீடு, கொஞ்சம் வெங்காயக் காடு. அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோ காலில் வந்து, "மாமா சொல்றபடி செய்யிடா" என்று ஒரே ஒரு வாக்கியத்தில் தகப்பன் கடமையை முடித்துவிடுவார். பையன் விடிவதற்கு முன் எழுந்து மலையைப் பார்த்து ஓடுவான். கூட ஓடிய பையன்களெல்லாம் ஒரு மாதத்தில் போர்வைக்குள் திரும்பிவிட, இவன் மட்டும் மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்தான். ஏன்டா பட்டாளம் என்று கேட்டால் "புடிச்சிருக்கு" என்பான். அவ்வளவுதான், வேறு விளக்கம் கிடையாது.

"புடிச்சிருக்குங்கிறது ஒரு காரணமாடா?" என்றார் பாலசுந்தரம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. இப்போதெல்லாம் அக்னிவீர் என்று எடுக்கிறார்கள். நாலு வருஷம். முடிந்ததும் நாலு பேரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் கையில் ஒரு தொகையோடு வெளியே வர வேண்டியதுதான். இருபத்தைந்து வயதில் வெளியே வருகிறவன் என்ன செய்வான் என்று ஒரு தாய்மாமன் கேட்பது தப்பா? தப்பே இல்லை. ஒருமுறை கேட்கலாம், இரண்டு முறைகூடக் கேட்கலாம். பாலசுந்தரம் சித்திரையில் கேட்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை.

அவர் பயமெல்லாம் ஒன்றுதான். பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் பலபேர் ஏதோ ஒரு கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்திருந்தார். "எம் மருமவன் வாட்ச்மேன் ஆவக் கூடாது" என்பது அவருடைய சபதம். அதற்கு என்ன வழி? வெளியே வரும்போது நல்ல வேலை கிடைக்கிற படையாகப் பார்த்து உள்ளே போக வேண்டும். முதலில் வெளியே வரவேண்டிய வாசலைத் தீர்மானித்துவிட்டு, அதற்கு ஏற்ப நுழைகிற வாசலைத் தேடுவது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது!

உரக்கடை ஆராய்ச்சிக் கூடமாயிற்று. காலாட்படை முதல் நாளே அடிபட்டது. துப்பாக்கி தூக்கி நடந்தவனுக்கு வெளியே ஏ.டி.எம். வாசல்தான். பீரங்கிப் படை கொஞ்ச நாள் செல்வாக்கோடு இருந்தது. அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்கள் இருக்கின்றனவே, பீரங்கி சுட்டவன் பாறைக்கு வெடி வைக்கமாட்டானா? ஆனால் சுண்ணாம்புக்கல் தீர்ந்துவிட்டால்? அப்பறம்? கடற்படை என்று ஒரு யோசனை வந்தது, மலர்கொடி வாய்விட்டே சிரித்துவிட்டாள். "ஏன்ணே, சேலம் பஸ்ஸுல போனாலே ரெண்டு தடவ வாந்தி எடுக்கறவன் அவன்." விமானப்படை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஏனென்றால் அதில் அவருடைய கடையே இருந்தது. விமானம் பழுது பார்த்தவன் வெளியே வந்தால் வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோனை ஓட்டலாம். மருந்து மாமா கடையில். ஒரு வாரம் இந்தக் கனவு பறந்தது. ட்ரோனையும் சீனாக்காரன் தானாகவே ஓடுகிற மாதிரி செய்துவிட்டால் என்ற எண்ணம் வந்த அன்று கீழே இறங்கியது. கடைசியாக, பட்டாளத்துச் சமையல்காரன்! ஆயிரம் பேருக்கு ஆக்கிப்போட்ட கை நெடுஞ்சாலையோரம் பரோட்டா கடை வைத்தால் சென்னை போகிற பஸ்ஸெல்லாம் நிற்குமே?

"சோறாக்கவா எம் புள்ள மூணு வருஷமா ஓடுறான்?" என்று மலர்கொடி கேட்டாள். அந்த யோசனையும் அடுப்பிலேயே கருகியது.

அறிவரசன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, மாமா கடையில் உரமூட்டை மேல் உட்கார்ந்திருப்பான். இந்த வருஷம் விட்டால் அவனுக்கு வயது தாண்டிவிடும். அதை அவன் வாரம் ஒருமுறை சொல்வான். "தெரியும்டா, அதுனாலதான் அவசரப்படக் கூடாதுங்கறேன்" என்பார் மாமா.

பையன் ஒரு நாள் தந்திரம் செய்தான். வேப்பந்தட்டையில் பேக்கரி வைத்திருக்கும் செல்லமுத்துவைக் கடைக்கே கூட்டிவந்துவிட்டான். அவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய்.

"என்னாங்க, புள்ளயப் போட்டு வதைக்கிறீங்களாம்?" என்று தொடங்கினார் செல்லமுத்து. "நாம எதுக்கு அப்ளை பண்றோம்கிறதுதான் நம்ம கையில. உள்ள போனப்பறம் எந்தப் படை, எந்த ரெஜிமெண்டுங்கிறத அவங்கதான் போடுவாங்க. எனக்குத் தோசை, எனக்கு ஊத்தப்பம்னு கேட்டு வாங்க அது என்னா ஓட்டலா?"

"நீங்க ரிட்டயர்டு ஆயி பேக்கரி வெச்சிருக்கீங்க. பட்டாளத்துல பேக்கரியிலயா இருந்தீங்க?"

"நான் டாங்கி ஓட்டுனேன்."

"பாத்தியாடா?" என்று மருமகன் பக்கம் திரும்பினார் பாலசுந்தரம். "டாங்கி ஓட்டுனவரு பன்னு விக்கிறாரு. திட்டம் போடாமப் போனா இதான் கதி."

செல்லமுத்து மீசையைத் தடவிக்கொண்டே எழுந்தார். தன் பன்னுக்கு என்ன குறைச்சல் என்று வழியெல்லாம் பையனிடம் கேட்டுக்கொண்டு போனார். அவர் போனபின் பாலசுந்தரம் தங்கைக்குப் போன் போட்டுத் தீர்ப்பைச் சொன்னார். "அவரு போயிட்டு வந்தவரு, மலரு. போயிட்டு வந்தவங்களுக்கு என்னா தெரியும்?"

ஞானோதயம் அரியலூர் ஸ்டேஷனில் வந்தது. மனைவியின் தம்பியைச் சென்னை ரயிலில் ஏற்றிவிடப் போயிருந்தார். பெரம்பலூர்க்காரர்களுக்கு ரயில் என்றால் அரியலூருக்குப் போய்ப் பார்க்க வேண்டிய பொருள். ரயிலே இல்லாத ஊர்க்காரருக்கு ரயில்வே உத்தியோகத்தின் மேல் இருக்கிற மோகம், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு ஒருநாளும் புரியாது. பிளாட்பாரக் கோடியில் சிவப்பு விளக்கு பச்சையானது. பாலசுந்தரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சிக்னல்! பட்டாளத்திலும் சிக்னல்ஸ் என்று ஒரு படை இருக்கிறதே! நாலு வருஷம் அங்கே சிக்னல் போட்டவன், வெளியே வந்ததும் இங்கே சிக்னல் போடமாட்டானா? ரயில்வே குவார்ட்டர்ஸ், பாஸ், பென்ஷன், மாமனுக்கு ஏறி இறங்க ஒரு ரயில்! மைத்துனருக்குக் கையசைக்க மறந்துவிட்டார்.

"டேய் அறிவு, சிக்னல்ஸுதான்டா!" என்று அங்கிருந்தே போனில் கத்தினார்.

"அது வேற மாதிரி மாமா" என்று பையன் இழுத்தான்.

"ஒனக்கென்னா தெரியும்? விசாரிச்சுட்டுச் சொல்றேன், அது வரைக்கும் கம்ப்யூட்டர்ல எதையும் அமுக்கிடாத."

அமுக்க அவனால் முடியாது என்பது அவருக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் ஆதார், காஸ், ரேஷன், பேங்க் என்று எதற்கு நம்பர் கேட்டாலும் கொடுப்பது பாலசுந்தரத்தின் நம்பரைத்தான். சிங்கப்பூரில் இருப்பவருக்கு அங்கத்து நம்பர். மலர்கொடி வெங்காயக் காட்டில் இருந்தால் போன் வீட்டில் கிடந்து அலறும். பையனோ எந்தக் கம்பெனி சலுகை கொடுக்கிறதோ அந்த சிம்முக்கு மாறிக்கொண்டிருப்பவன். மாமா ஒருவர்தான் பதினைந்து வருஷமாக ஒரே நம்பர். பட்டாளத்து விண்ணப்பத்துக்கு முதல் பதிவு செய்தபோதும் அதையேதான் கொடுத்திருந்தார்கள். உள்ளே போக வேண்டுமென்றால் ஓ.டி.பி. மாமாவின் சட்டைப் பைக்குத்தான் வரும்.

விசாரிக்கிறேன் என்றவர் கடை, கல்யாணம், காது குத்து என்று தள்ளித்தள்ளி, விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்றுதான் அரியலூருக்குப் பஸ் ஏறினார். அன்று மத்தியானம் அறிவரசன் பெரம்பலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தான். கடைசி நாள் ஆனதால் அந்த இணையதளம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகத் திறந்து, ஓ.டி.பி. கேட்டது.

பாலசுந்தரம் அப்போது ஸ்டேஷனில், சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்த ஒரு ரயில்வே ஊழியரைப் பிடித்து வைத்திருந்தார்.

"ஏங்க சார், பட்டாளத்து சிக்னல்ஸுல இருந்து வந்தவங்க இங்க யாராச்சும் வேல பாக்கறாங்களா?"

"பட்டாளத்துல சிக்னல்ஸுன்னா தகவல் தொடர்புங்க. வயர்லெஸ்ஸு, கேபிளு அந்த மாதிரி. இது ரயில் சிக்னலு. இதுக்கு ரயில்வே பரீட்ச எழுதித்தான் வரணும்."

"ரெண்டுமே கவர்மெண்டுதானுங்களே?"

ஊழியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த நேரத்தில் போன் அடித்தது.

"மாமா, ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க."

"வந்துச்சு. எதுக்கு?"

"அப்ளிகேஷனுக்குத்தான் மாமா. இன்னிக்கித்தான் கடைசி. இன்னும் அர மணி நேரத்துல மூடிருவாங்க."

"எதுக்குடா போடுற?"

"ஜெனரல் டியூட்டி. சிப்பாய் வேல மாமா."

"அடப்பாவி! நான் இங்க ஒனக்காக வேகாத வெயில்ல நிக்கிறேன், நீ அங்க வாட்ச்மேன் வேலைக்கு விண்ணப்பம் போடறியா? ஜெனரல்னா பொதுவா எல்லா எடுபிடியும்னு அர்த்தம்டா. முடிச்சுட்டு வந்து எங்கடா நிப்ப?"

"மாமா, நம்பரு செல்லாமப் போயிரும்."

"போனா இன்னொண்ணு வரும். இரு."

அவர் ஊழியர் பக்கம் திரும்பினார். தகவல் தொடர்பு என்றாரே! அப்படியென்றால் செல்போன் டவர்! ஊருக்கு ஊர் டவர். ரயிலாவது பெரம்பலூருக்கு வரவில்லை, டவர் வந்துவிட்டதே! ஒரு கதவு மூடினால் உடனே அடுத்த கதவைத் தட்டுகிற உற்சாகம் இந்த இனத்துக்கே உரியது. "சார், டவர்ல வேலைக்கு எடுப்பாங்களா?" என்று அவர் கேட்க, ஊழியர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, "டூட்டி இருக்குதுங்க" என்று கிளம்பினார். பாலசுந்தரம் பின்னாலேயே நடந்தார். போன் மறுபடி அடித்தது. புது நம்பர் வந்திருந்தது. "ஒரே நிமிஷம்டா, புது யோசனை ஒண்ணு" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தது. இந்த முறை மலர்கொடி.

"அண்ணே, புள்ள அழுவுறான். அந்த நம்பரச் சொல்லிடுண்ணே."

"அழுவுறானா?" பாலசுந்தரம் ஊழியரை விட்டுவிட்டு அப்படியே நின்றார். அவனைத் தோளில் போட்டு வளர்த்தவர் அவர். "நான் அவன் நல்லதுக்குத்தான..."

"நல்லதெல்லாம் இருக்கட்டும். நம்பரச் சொல்லு."

பையனைக் கூப்பிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக, தப்பு வந்துவிடக் கூடாதே என்று இரண்டிரண்டு முறை படித்தார். மறுமுனையில் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. சக்கரம் சுற்றுகிறது என்றான் பையன். இன்னும் சுற்றுகிறது என்றான். அப்புறம் சொன்னான், "மூடிட்டாங்க மாமா."

"எத?"

"அப்ளிகேஷன. நேரம் முடிஞ்சிருச்சு."

"சரி... அப்பறம்?"

சத்தியமாக அவர் கேட்க நினைத்துக் கேட்கவில்லை. வாய்ப் பழக்கம். மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

அன்று அவர் நேரே வேப்பந்தட்டைக்குத்தான் போனார். மலர்கொடி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பையன் வீட்டில் இல்லை. அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார். அவள் சண்டை போடவில்லை.

"போயிட்டு வந்து என்னா ஆவான்னு பாத்தியேண்ணே. போறவன் எப்படி இருப்பான்னு ஒரு நாளாச்சும் நெனச்சுப் பாத்தியா? அந்த உடுப்பப் போட்டுக்கிட்டு நம்ம வாசல்ல நிக்கிறத நான் தெனம் பாத்தேன்."

பாலசுந்தரத்துக்கு அன்று இரவுச் சோறு இறங்கவில்லை. குற்ற உணர்ச்சி முழுசாக ஒரு வாரம் இருந்தது. அதற்குமேல் இருந்தால் அவர் அந்த இனத்தைச் சேர்ந்தவரே இல்லை. எட்டாம் நாள் எழுந்து, மருமகனுக்கு ஒரு வழி செய்தே தீருவேன் என்று கிளம்பினார். நாலு பேரைப் பார்த்தார், இரண்டு பேரிடம் கெஞ்சினார், அரியலூர்ப் பக்கம் ஓர் ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்தார். என்ன வேலை? கேட்டில் நிற்கிற வேலைதான்.

நீல உடுப்பு, தொப்பி, விசில், கனமான பூட்ஸ். வருகிற லாரியின் நம்பரைக் குறித்துவிட்டுக் கம்பியைத் தூக்கிவிட வேண்டும். அவனோடு அதே கேட்டில் நிற்கும் ஜெயசீலன், காலாட்படையில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பனியில் நின்ற கதை, ஹெலிகாப்டரில் இருந்து குதித்த கதை, பஞ்சாபில் தின்ற ரொட்டிக் கதை என்று ஷிப்டு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். அறிவரசன் கேட்டுக்கொண்டிருப்பான். அவனுக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் இல்லை.

வாட்ச்மேன் ஆகக் கூடாது என்று சபதம் செய்த மாமா இதைப் பார்த்து இடிந்துபோயிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவரைப் பற்றி உங்களுக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்: "அந்த ஜெயசீலன் பதினேழு வருஷம் கஷ்டப்பட்டு வந்து சேந்த எடத்துக்கு, எம் மருமவன் ஒரு நாளும் கஷ்டப்படாம நேரா வந்துட்டான். அதுக்குத்தான் முன்கூட்டியே யோசிக்கணுங்கறது."

கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நடுவில் இருந்த பதினேழு வருஷம் மட்டும் காணோம். வாழ்க்கை என்று நாம் சொல்வதெல்லாம் அந்த நடுவில் இருப்பதைத்தான் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? சொன்னாலும் என்ன கேட்பார் என்று உங்களுக்கே தெரியும்.

அறிவரசன் இப்போது காலையில் ஓடுவதில்லை. ஷிப்டுக்குப் போகிற பஸ் சீக்கிரம் வந்துவிடுகிறது.

பாலசுந்தரத்தை விடுங்கள், அவர் திருந்துகிற ஆளில்லை. நீங்கள் எப்படி? பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோரத்தைத் தேடுகிறீர்களா, இறங்குகிற படிக்கட்டுக்குப் பக்கத்துச் சீட்டையா? கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்போதே செருப்பு எங்கே விட்டோம் என்று யோசிப்பவரா? இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். நேற்றுச் சாயங்காலம் உங்கள் மகள் ஓடிவந்து, எனக்கு இதுதான் படிக்கணும் என்று ஏதோ ஒன்றைச் சொன்னாளே, அதற்கு நீங்கள் முதலில் கேட்ட கேள்வி என்னவென்று ஞாபகம் இருக்கிறதா? தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போது மணி ஏழுதான் ஆகியிருந்தது.